ஆடை வரலாற்றுக்குச் சான்று தேடி

பள்ளி ஆண்டு விழாவுக்கென வழக்குரை காதையை நாடகமாக்கிப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், கண்ணகியாக நடிக்கவிருந்த நான்காம் படிவ மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, கண்ணகி இரவிக்கை அணிந்திருந்தாளா?" சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தனர். நான் சினந்துகொள்ளவில்லை, ஆனால் விடையும் சொல்லவில்லை. "உன் அம்மாவிடம் அரக்கு நிறச் சேலை ஒன்று வாங்கி வா, அது போதும்" என்று கூறிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன். நாடகம் நன்றாகவே நடந்தது. கைதட்டலும் கிடைத்தது. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு முன்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள், "நம் பெண்டிரின் சேலை ஈராயிரம் ஆண்டுகளாக மாறாதது" என்று வகுப்பில் நான் அடித்துச் சொல்லி வந்திருக்கிறேன். எந்தச் சான்றைக் கொண்டு சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, என் கையில் ஒன்றுமே இல்லை.

பிறகு மெல்ல மெல்லத் தேடத் தொடங்கினேன். அத்தேடலில் கண்டவற்றையும் தடுக்கி விழுந்த இடங்களையும், தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இங்கு எழுதுகிறேன்.

முதலில் நம் மனத்திலுள்ள கண்ணகி எங்கிருந்து வந்தாள் என்று பார்க்க வேண்டும். 1942-இல் வெளிவந்த 'கண்ணகி' திரைப்படத்தில் பி. கண்ணாம்பாவைக் கண்டவர்கள் ஒரு தலைமுறையினர். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரியைக் கண்டவர்கள் அடுத்த தலைமுறையினர். சென்னைக் கடற்கரையில் 1968-இல் நிறுவப்பட்ட சிலை மூன்றாவது ஊற்று. இவற்றோடு, தோட்டத்து லயங்களின் சுவர்களில் தொங்கிய நாட்காட்டிப் படங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படங்களின் மூலத்தைத் தேடிப் போனால் இரவிவர்மாவிடம் சென்று சேர்வோம். அவர் 1894-இல் பம்பாயை அடுத்து நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த திருமகளும் கலைமகளும் இந்தியா முழுவதும் பரவினர். அத்தேவியர் அணிந்த இரவிக்கையும் சேலையும் ஓவியர் தம் காலத்தில் கண்டவை. ஆகவே அப்படங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு நல்ல சான்றுகள். திரைப்படங்களும் தாம் எடுக்கப்பட்ட ஆண்டுகளின் ஒப்பனைக்கு நல்ல சான்றுகள். புகார் நகரத்துக்கு அவை சான்றாகா. இவ்வளவு எளிய உண்மை எனக்குத் தோன்ற இருபது ஆண்டுகள் ஆயின என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து நூலுக்கே சென்றேன். தமிழாசிரியனுக்கு அதுதானே பழகிய வழி! சங்க நூல்களில் ஆடையைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கலிங்கம், துகில், அறுவை, தழை, கச்சு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கலிங்கம் என்பது கலிங்க நாட்டுப் பெயரால் வந்த துணிப்பெயர். முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்தவராகக் காட்டப்படுகின்றனர். உடலுக்குப் பை போல அமைந்த சட்டையைப் புலவர் தனித்துக் குறிப்பதிலிருந்து, அது காண்போர் கண்ணுக்குப் புதுமையாய் இருந்தது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் துகிலின் நீளம் என்ன, அகலம் என்ன, எப்படிச் சுற்றினர், எங்கே செருகினர் என்றெல்லாம் கேட்டால் நூல்கள் வாய் திறப்பதில்லை.

சிலம்பையே எடுத்துக்கொள்வோம். கடலாடு காதையில் மாதவி அணிசெய்துகொள்ளும் பகுதி நெடியது. கால்விரல் தொடங்கித் தலை வரை அணிகலன்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. இடையில் அணிந்த முத்து மேகலைக்கு வடம் முப்பத்திரண்டு என்று எண்ணிச் சொல்கிறார் அடிகள். அம்மேகலையின் கீழிருந்த ஆடையோ நிறம் விளங்கும் பூந்துகில் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்திமாலைக் காதையில் கண்ணகி துறந்தவை எவை என்று சொல்லும்போதும் சிலம்பும் மேகலையுமே முன்னிற்கின்றன. மாணவி கேட்ட கேள்விக்கு நூல் நேரான விடை தரவில்லை; 'இல்லை' என்றும் சொல்லவில்லை. நூலின் மௌனத்தை நம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்வது ஆராய்ச்சியாகாது.

இங்கே உரையாசிரியர்கள் கைகொடுப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். அடியார்க்கு நல்லார் ஊர்காண் காதை உரையில் துணி வகைகளின் பெயர்களை முப்பதுக்கும் மேலாக நிரல்படத் தருகிறார். உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அவ்வுரையோடு பதிப்பித்தமையால் அப்பட்டியல் நமக்குக் கிடைத்தது. கோசிகம், பீதகம், சித்திரக்கம்மி, குச்சரி, தேவகிரி என வரும் அப்பெயர்களைப் படிக்கும்போது துணிக்கடை ஒன்றின் முன் நிற்பது போலவே இருக்கும். நானும் மயங்கினேன், கோவலனின் மதுரையில் இவையெல்லாம் விற்றன என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பின்னர்தான் தேவகிரி என்னும் பெயர் கண்ணில் உறுத்தியது. அந்நகரம் யாதவ மன்னர்களின் தலைநகராகச் சிறப்புப் பெற்றது 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில். குச்சரியோ கூர்ச்சர நாட்டை நினைவூட்டுவது. ஆக, உரையாசிரியர் தம் காலத்து வணிகத்தையும் தமக்கு முன்பிருந்த சொற்களையும் சேர்த்தே பட்டியலிட்டிருக்கிறார் என்று கொள்வதே பொருத்தம். அப்பட்டியல் பிற்காலச் சோழர் கால ஆராய்ச்சிக்குப் பொக்கிஷம். அதைக் கொண்டுபோய்க் கோவலன் நடந்த வீதியில் வைத்தால் பல நூற்றாண்டுப் பிழை நேரும்.

இலக்கியத்தில் என்னை மிகவும் நிற்க வைத்த இடம் பொருநராற்றுப்படையில் உள்ளது. கரிகாலனிடம் சென்ற பொருநன் தன் பழைய ஆடையைப் பற்றிச் சொல்கிறான். ஈரும் பேனும் குடியிருந்த கந்தல் அது, வேர்வையில் நனைந்தது, கிழிந்த இடங்களில் வேறு நூல் கொண்டு தைக்கப்பட்டது. அதை நீக்கிவிட்டு, பாம்பின் தோலைப் போன்றதும், இழை போன வழியைக் கண்ணால் தொடர இயலாததுமான மெல்லிய ஆடையை மன்னன் அளிக்கிறான். வகுப்பில் நாம் மன்னனின் கொடையைத்தான் விளக்குவோம். ஆடை வரலாறு தேடுபவனுக்கு அந்தக் கந்தல்தான் பெரிய கொடை. ஏழை ஒருவன் அன்றாடம் உடுத்திய துணி எப்படி இருந்தது, அதை எப்படி ஒட்டுப்போட்டுக் காத்தான், வேற்று நூல் ஊசி வழியே எப்படி நுழைந்தது என்பதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் இடங்கள் பழந்தமிழில் மிகச் சிலவே. அதுவும் களைந்து எறியப்படும் வேளையில்தான் அது பாட்டுக்குள் வருகிறது!

சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்தால் ஐயம் தீரும் என்று பலர் எண்ணுவர். சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனியில் இடைக்கு மேல் துணி இல்லை; கீழாடையின் மடிப்புகள் மட்டும் மெல்லிய கோடுகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. இதைக் கொண்டு அக்காலப் பெண்டிர் எவரும் மேலாடை அணியவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. அத்திருமேனி கோயிலில் இருந்தவரை, பட்டும் மாலையும் சாத்தப்பட்டே மக்கள் கண்ணுக்குக் காட்சியளித்தது என்பதை அவர்கள் மறந்தனர். சிற்பி சிற்பநூல் மரபைப் பின்பற்றினான். தெருவில் நடந்த பெண்ணைப் பார்த்து வடிக்கவில்லை. சிற்பம் பொய் சொல்கிறது என்பதன்று என் கருத்து. அது எந்தக் கேள்விக்கு விடையாகப் படைக்கப்பட்டதோ அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்லும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் இதை இன்னும் நன்றாகக் கற்பிக்கும். கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் நாயக்கர் கால ஓவியங்களே நெடுங்காலம் தெரிந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழர் கால ஓவியங்களைக் கண்டார். ஆடல் மகளிரும், சுந்தரர் கதையும், திரிபுரம் எரித்த பெருமானும் வெளிப்பட்டனர். ஒரே சுவரில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஆறு நூற்றாண்டு இடைவெளியுள்ள இரண்டு ஆடை மரபுகள்! கல்லில் தெரியாத நிறமும் துணியின் பூவேலையும் ஓவியத்தில் தெரிகின்றன. மேற்பூச்சு உதிராதிருந்தால் நாயக்கர் கால உடையையே இராசராசன் கால உடை என்று நாம் நம்பியிருக்கவும் கூடும்.

அதே கோயிலின் கல்வெட்டுகளை ஒருமுறையேனும் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மன்னனும் அவன் தமக்கையும் அளித்த நகைகள் கழஞ்சும் மஞ்சாடியுமாக நிறுக்கப்பட்டு, முத்துகள் வகை பிரித்து எண்ணப்பட்டு, கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. துணிக்கு அந்த மதிப்பு இல்லை. பொன் அழியாது, திருடு போகும். ஆகவே கணக்கு வேண்டும். துணி எப்படியும் நைந்து போகும். அதற்கு யார் கணக்கு வைப்பார்? மாதவியின் மேகலையை எண்ணிய புலவரும் பெரிய கோயிலின் கணக்கரும் இந்த ஒன்றில் ஒத்துப்போகின்றனர். ஆயினும் அதே கல்வெட்டுத் தொகுதியில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்குப் பங்கு ஒதுக்கிய பட்டியலின் பிற்பகுதியில், தையானும் ஈரங்கொல்லியும் வருகின்றனர். முன்னவர் தையற்காரர்; பின்னவர் வண்ணார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்பெயர்கள் கல்லில் ஏறின. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையில் ஊசி பிடித்துப் பிழைத்தவர் இருந்தனர் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுமா? அவர்கள் எதைத் தைத்தனர் என்பது வேறு கேள்வி. திரையாகவும் இருக்கலாம், மேற்கட்டியாகவும் இருக்கலாம். ஆனால், "தையல் என்பதே பிற்காலத்தில் அயலார் கொண்டுவந்தது" என்று சொல்வோர்க்கு இந்தச் சம்பளப் பட்டியல் போதும்.

ஒருவர் ஓரிடத்தில் ஓர் ஆடையையும் வேறோரிடத்தில் வேறோர் ஆடையையும் அணிந்திருப்பார் என்பதையும் மறக்கலாகாது. திருமலைக் கோயிலில் கிருட்டிணதேவராயரும் அவர் தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புருவங்கள் உள்ளன. அரசர் மேலுடம்பில் சட்டை இல்லை. தலையில் மட்டும் உயர்ந்த கூம்புத் தொப்பி. அத்தொப்பிக்குக் குல்லாயி என்று பெயர். அவருக்கு முன் ஆண்ட இரண்டாம் தேவராயரை 1443-இல் கண்ட பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கோ, அரசர் பட்டாலான மேலங்கி அணிந்திருந்ததாக எழுதினார். இறைவன் திருமுன் ஓர் உடை, அயல்நாட்டுத் தூதர் முன் ஓர் உடை. அவ்வகை மேலங்கிக்கு வழங்கிய கபாயி என்னும் சொல்லும், மலாய்ப் பெண்டிர் அணியும் கெபாயா என்னும் சொல்லும் ஒரே மூலத்தைச் சார்ந்தவை என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். கோலாலம்பூர்க் கடைத்தெருவில் தொங்கும் கெபாயாவைக் காணும்போதெல்லாம் எனக்கு விசயநகரத்து அரசவை நினைவுக்கு வரும்!

இனி, துணியையே நேரில் காண முடியாதா என்ற கேள்வி எழும். தமிழ்நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் கரையானுக்கும் பூச்சிக்கும் தப்பிப் பழந்துணி நிலைப்பது அரிது. கீழடி போன்ற இடங்களில் நூல் நூற்ற தக்களியின் உருளைகள் கிடைக்கின்றன; நூல் கிடைப்பதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழி நூலாகிய பெரிப்புளூசு உறையூர்ப் பெயரோடு ஒரு மெல்லிய துணியைக் குறிக்கிறது. அத்துணியில் ஒரு முழம்கூட நம்மிடம் இல்லை. இந்தியத் துணி தப்பிப் பிழைத்தது கடல் கடந்த இடங்களில்தான். எகிப்தின் வறண்ட மண்ணில், பழைய கெய்ரோவை அடுத்த புசுத்தாத்தில், குசராத்தின் அச்சுத்துணிக் கிழிசல்கள் கிடைத்தன. அவற்றைவிட நமக்கு நெருக்கமான செய்தி சுலாவசித் தீவில் உள்ளது. அங்குள்ள தொராசா மக்கள் இந்தியத் துணிகளைக் குலச்சொத்தாகப் போற்றி, சடங்கு நாள்களில் மட்டும் வெளியே எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அவற்றுள் சில 14-ஆம் நூற்றாண்டு அளவுக்குப் பழமையானவை என்று ஆய்வுகள் காட்டின. உடுத்தி நைந்து போகாமல் புனிதப் பொருளாக வைக்கப்பட்டதால் அவை எஞ்சின. எல்லா நாட்டு அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்தும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் திருமணச் சேலைகளும் அரசவைப் பட்டுகளும் ஆகும். நன்றாக உழைத்த துணி அங்கே வந்து சேர்வதில்லை.

இவ்வணிகத்தின் சுவடு நம் தீபகற்பத்தில் ஆழமாகவே பதிந்துள்ளது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசிய மருந்தாளர் தோமே பீரெசு எழுதிய நூலில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணிச் சரக்குகள் பேசப்படுகின்றன. மறைந்து கிடந்த அதன் கையெழுத்துப் படி 1937-இல் பாரிசில் கண்டெடுக்கப்பட்டு, 1944-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. மலாய் ஆடவர் தொழுகைக்கும் வீட்டுக்கும் உடுத்தும் கட்டம் போட்ட 'காயின் பெலெக்காட்' என்ற துணியின் பெயரில் பழவேற்காடு ஒளிந்திருக்கிறது. டச்சுக்காரர் அவ்வூரில் 1613-இல் கோட்டை எழுப்பியது பெரிதும் இந்தத் துணிக்காகத்தான். அவர்களின் கும்பினிக் கணக்கேடுகள் இன்று கேக் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்த ஊர்த் துணி எந்தத் துறைமுகத்தில் விலைபோனது, எந்த நிறத்தை வாங்குவோர் மறுத்தனர் என்பதையெல்லாம் கணக்கர்கள் இலாபம் கருதி எழுதி வைத்தனர். அழகுணர்ச்சி சிறிதும் இல்லாத எழுத்துத்தான். ஆயினும் நிறத்தைப் பற்றி நூறு வருணனைப் பாட்டு சொல்லாததை அது சொல்லும்.

சாயமிடும் தொழிலுக்கு அதைவிட நேரான சான்றுகள் புதுச்சேரி, காரைக்கால் வட்டாரத்திலிருந்து கிடைக்கின்றன. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியே என்பவர் 1734-ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் துணிக்குச் சாயமெழுதும் முறையை நேரில் பார்த்து, ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு துண்டை வெட்டி, தம் குறிப்போடு சேர்த்து அனுப்பினார். அத்துண்டுகள் பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. 1742-இல் கேர்து என்னும் இயேசு சபைப் பாதிரியார் சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்து, கடுக்காய், படிகாரம், சாயவேர் ஆகியவற்றைக் கொண்டு சிவப்பு ஏற்றும் முறையைக் கடிதமாக எழுதினார். இவ்விருவரும் தம் நாட்டில் அத்தொழிலைப் பரப்பும் நோக்கத்தோடுதான் எழுதினர். அதே காலத்தில் புதுச்சேரியில் துபாசியாகவும் வணிகராகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நம் மாணவர் கட்டாயம் படிக்க வேண்டும். 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதப்பட்ட அந்நாட்குறிப்பில், யாருக்கு எந்தத் துணி மரியாதையாகக் கொடுக்கப்பட்டது, யாருக்குச் சகலாத்து கிடைத்தது என்பதெல்லாம் வருகின்றன. அன்றைய மனிதர்களுக்கு ஒரு துணியின் பொருள் என்ன என்று அவர் பக்கங்களில்தான் எனக்கு விளங்கிற்று.

இந்தியத் துணி வகைகளைத் துணியாகவே காட்டும் மிகப் பெரிய தொகுப்பு ஒன்று உண்டு. அதை நினைத்தால் எனக்கு நன்றியும் கசப்பும் ஒருங்கே எழும். இலண்டனிலிருந்த இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் போர்ப்சு வாட்சன், 1866-இல் 700 துணி மாதிரிகளைப் பதினெட்டுத் தொகுதிகளாக அமைத்து, இருபது படிகள் உருவாக்கினார். சேலை, வேட்டி, தலைப்பாகை எனப் பலவற்றிலிருந்தும் வெட்டப்பட்ட துண்டுகள் அவை. ஊர், நீளம், அகலம், எடை, விலை ஆகியவை ஒவ்வொன்றின் அருகிலும் குறிக்கப்பட்டன. பதின்மூன்று படிகள் பிரிட்டனுக்கு. ஏழு மட்டுமே இந்தியாவுக்கு. இந்தியர் எதை உடுத்துகின்றனர் என்று மான்செசுட்டர் ஆலை முதலாளிகள் அறிந்து, அதுபோலவே நெய்து, அவர்களிடமே விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கைத்தறியாளனின் வயிற்றில் அடிக்க உருவான பதினெட்டுத் தொகுதிகள், அவன் கைத்திறனுக்கு எஞ்சிய சான்றாக இன்று நூலகங்களில் நிற்கின்றன!

சட்டங்களும் வழக்குகளும் ஆடை வரலாற்றுக்கு ஊற்றுகள் என்பதை முன்பு நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த காலத்தில், நாடார் பெண்கள் மேலாடை அணிவதை உயர்சாதியினர் எதிர்த்துக் கலகம் செய்தனர். 1829-ஆம் ஆண்டின் ஆணை உயர்சாதிப் பெண்கள் போல் மேலாடை அணிவதைத் தடுத்து, கிறித்தவ நாடார் பெண்களுக்குக் குப்பாயம் மட்டும் அனுமதித்தது. 1859-ஆம் ஆண்டின் அறிவிப்பு நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் கூடாது என்று ஒரு முட்டுக்கட்டையை விட்டு வைத்தது. தடை எங்கே இருக்கிறதோ அங்கே அதை மீறியவர் இருந்தனர் என்று பொருள். யார் எதை உடுத்தினர், யார் அதைக் கிழித்தனர் என்பதை அரசாணைகளும் மனுக்களும் மறைப்பணியாளர் அறிக்கைகளும் விரிவாகச் சொல்கின்றன. என் வகுப்பில் அன்று பிள்ளைகள் சிரித்தார்களே, அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு காலத்தில் பெண்கள் தெருவில் அடிபட்டனர். அதை அன்றே நான் அறிந்திருந்தால் அந்தச் சிரிப்பை அப்படியே விட்டிருக்க மாட்டேன்.

நிழற்படம் வந்த பிறகு எல்லாம் தெளிவாகிவிட்டது என்று எண்ண வேண்டா. சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய லாம்பர்ட் நிழற்பட நிலையம் நம்மவரையும் படம் பிடித்து விற்றது. அப்படங்களிலிருப்போர்க்குப் பெயர் இல்லை. இனம் மட்டும் உண்டு. கப்பலில் வந்து போவோர் வாங்கிச் செல்வதற்காக, திரைச்சீலை முன் நிறுத்தி எடுத்தவை அவை. தஞ்சையில் கும்பினியார்க்காக ஓவியர் எழுதிய சாதிவாரிக் கணவன் மனைவி ஓவியங்களின் வழித்தோன்றல்கள் என்றே அவற்றைச் சொல்லலாம். எட்கர் தர்சுட்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலின் படங்களையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். அவற்றைவிட நாளிதழ்களின் துணிக்கடை விளம்பரங்களை நான் மிகுதியும் நம்புவேன். 1924-இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935-இல் தோன்றிய தமிழ் முரசும் இவ்வகையில் பெருஞ்சுரங்கங்கள். முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் வீட்டிலிருந்தே புரட்டலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களின் இதழ்களை ஆண்டுதோறும் எடுத்து அடுக்கிப் பார்க்கும் மாணவன், எந்தத் துணி எந்த ஆண்டில் வந்தது, எப்போது மறைந்தது என்பதைத் தானே கண்டுகொள்வான்.

தோட்டத்து மக்களின் உடைதான் எல்லாவற்றிலும் அரிதாகக் கிடைப்பது. பால்மரம் வெட்டப் போகும் பெண் பழஞ்சேலைக்கு மேல் கணவனின் நீளக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துணி கட்டியிருப்பாள். சட்டை முழுதும் பால் கறை. அச்சட்டை எந்த அருங்காட்சியகத்திலும் நான் கண்டதில்லை. கோலாலம்பூரில் 2010 முதல் துணிநூல் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. சிங்கப்பூரில் 2015-இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. அங்குள்ளவை காண வேண்டியவையே. ஆனால் அந்தச் சட்டைக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். எங்கள் பாட்டி வீட்டில் ஒரு சேலை பிறந்து மடியும் வரலாற்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் தீபாவளிக்கு, பிறகு கோயிலுக்கு, பிறகு வேலைக்கு, பிறகு பிள்ளைக்குத் தூளி, பிறகு தரை துடைக்கும் கந்தல், கடைசியில் கிழித்துத் திரித்து விளக்குத் திரி. எரிந்து போனதைக் காப்பகத்தில் தேடினால் கிடைக்குமா?

ஆகவேதான் 1948-ஐப் பெரிதாக எண்ணினேன். அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அவ்வாண்டில், மலாயாவில் பன்னிரண்டு வயது நிரம்பியவர் அனைவருக்கும் படத்தோடு கூடிய அடையாள அட்டை வழங்கும் பதிவு தொடங்கிற்று. அழகுக்காகவும் அன்று, விற்பனைக்காகவும் அன்று. காவல் துறையின் தேவைக்காக எடுத்த படங்கள் அவை. தோட்டத்துப் பெண்கள் உண்மையில் உடுத்தியதை உடுத்தியபடியே காட்டும் சான்று இதுதான் என்று மாணவர்களிடமும் ஆசிரியர் கூட்டங்களிலும் சொல்லி வந்தேன். எங்கள் பாட்டிக்கு வாழ்நாளில் அதுவே முதல் படம். அதன் ஒரு படி எங்கள் வீட்டில் இருந்தது. தோளில் அகலக் கரையிட்ட சேலை, கைநீண்ட இரவிக்கை, நேர்ப்பார்வை.

சென்ற ஆண்டு அப்படத்தை என் தாயாரிடம் காட்டி, சேலையின் நிறம் என்ன என்று கேட்டேன். எண்பது வயதைக் கடந்த அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பச்சை, மஞ்சக் கரை. ஆனா இது அவுங்க சேலை இல்லடா. நல்ல சேலை கட்டிக்கிட்டு வரணும்னு தண்டல் சொல்லிட்டாரு. பக்கத்து லயத்து அக்காகிட்ட எரவல் வாங்கிக் கட்டினாங்க. இந்த ஒரு சேலையைக் கட்டியே ஏழெட்டுப் பேரு படம் புடிச்சாங்க."

"அப்படியென்றால் பாட்டி அன்று என்ன உடுத்தியிருந்தார்?" என்று கேட்டேன். தாயார் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். மிதிவண்டியில் துணி மூட்டை கட்டி வந்த சீக்கியரிடம் கடனுக்கு வாங்கிய வாயில் சேலை, அதன் கத்தரிப்பூ நிறம், முழங்கால் பக்கம் வெள்ளை நூலால் போட்ட ஒட்டுத் தையல், எல்லாம் சொன்னார். படத்தைத் திருப்பி, அவர் சொன்ன அனைத்தையும் அதன் பின்புறத்தில், எந்நாளில் யார் சொன்னார் என்ற குறிப்போடு, பென்சிலால் எழுதி வைத்தேன்.